முகம் வற்றியதும் எல்லோரும் பாராட்டினார்கள்

"ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது" என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. தையல் கடைக்காரர் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். மெடிக்கல் கடை வரிசையில் பின்னால் நின்றவர் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட அந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை மட்டும், அது வந்து சேரும்வரை, யாரும் சொல்லவில்லை.

எனக்கு முடக்குவாதம். கரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. நோய் வந்த புதிதில் காலையில் விரல்கள் மடங்காது. பேரேட்டில் எழுத வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு மேல்தான். கோயம்புத்தூரில் ஒரு மூட்டுவாத நிபுணர் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கினார். சில நாட்களில் என் தலையை நானே பின்னிக்கொண்டேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாக கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து கடைத்தெருவுக்கே போய் வந்தார் என்று பின்னால் படித்தேன். 1950இல் ஹெஞ்சுக்கும், இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண் எப்படி மகிழ்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஸ்டீராய்டைத் திட்டுகிறவர்களோடு நான் சேர்வதில்லை.

ஆனால் விலை கொடுத்தேன். கூடவே கொடுத்த மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் ஸ்டீராய்டின் அளவைக் குறைத்து 7.5 மில்லிகிராமில் நிறுத்திவைத்தார்கள். அதிலேயே ஆண்டுகள் ஓடின. முகம் உருண்டது. பிடரியில் சதை திரண்டது. முன்கைத் தோல் மெலிந்து, வளையல் இடித்தாலே கருநீலத் திட்டு விழுந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டியது, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. திருமண வீட்டுப் புகைப்படங்களில் ஓரமாக நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு பங்குனி மாதம் சர்க்கரைக்காக உள்ளூரில் வேறொரு மருத்துவரிடம் போனேன். சீட்டைப் பார்த்தார். "மூட்டெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, இது எதற்கு?" என்று பிரட்னிசோலோன் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்குக் கீழே ஒரு வைட்டமின் மாத்திரை எழுதினார். படிப்படியாகக் குறைக்கும் பேச்சே எழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் அட்ரீனல் என்ற சிறு சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை தினமும் கார்டிசால் சுரக்கின்றன. விடியும் நேரத்தில் அதிகம், நள்ளிரவில் மிகக் குறைவு. ரத்த அழுத்தம், சர்க்கரை, பசி, காய்ச்சலைத் தாங்கும் வலு எல்லாம் அதை நம்பியிருக்கின்றன. எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற கட்டளை மூளையிலிருந்து, அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாக வருகிறது. பிரட்னிசோலோன் கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்து. அது வெளியிலிருந்து தினமும் வந்தால் மூளை கட்டளையை நிறுத்திவிடும். வாசலுக்கு நாள் தவறாமல் லாரித் தண்ணீர் வரும் வீட்டில் கிணற்று மோட்டாரை யார் போடுவார்கள்? ஆண்டுக்கணக்கில் போடாத மோட்டார், லாரி வராத அன்று சுவிட்சைத் தட்டியதும் ஓடாது. உடம்பு இயல்பாகச் சுரக்கும் கார்டிசாலுக்கு ஈடு, நாளுக்குச் சுமார் 4 முதல் 6 மில்லிகிராம் பிரட்னிசோலோன். அதற்கு மேற்பட்ட அளவை மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட எவருக்கும் சுரப்பி தூங்கிப்போயிருக்க வாய்ப்புண்டு. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. யாருக்கு ஆகும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

முதல் சில நாட்கள் உடல்வலி தவிர ஒன்றுமில்லை. பிறகு வந்தவை எல்லாம் நல்ல செய்தியின் வேடத்தில் வந்தன. அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

எடை குறைந்தது. முகம் வற்றி, பழைய தாடை எலும்பு தெரிந்தது. சங்கத்துக்கு வருகிறவர்கள், "கல்யாணத்தின்போது இருந்த மாதிரி ஆகிவிட்டீர்கள்" என்றார்கள். சர்க்கரை இறங்கியது, மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். ரத்த அழுத்தம் 110க்கு வந்தது. அதையும் முன்னேற்றம் என்று குறித்தார்கள். சாப்பாடு வேண்டியிருக்கவில்லை, "வாயைக் கட்டிவிட்டாள்" என்று என் நாத்தனார் மெச்சினார். எடை, சர்க்கரை, அழுத்தம் என மூன்று எண்களும் ஒரே நேரத்தில், எந்த முயற்சியும் இல்லாமல், இறங்கின. ஸ்டீராய்டு நிறுத்திய ஒருவருக்கு அப்படி இறங்கினால் பாராட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

பாராட்டுகளுக்கு நடுவில் நான் தேய்ந்துகொண்டிருந்தேன். சோர்வு என்று எழுதினால் யாருக்கும் புரியாது. வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணுக்குச் சோர்வு இல்லை? இது தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. வாசல் கூட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனதைத் திரட்ட வேண்டியிருந்தது. ஈரத் துணி வாளியை மாடிக்குத் தூக்கிப் போகும்போது பாதிப் படியில் வைத்துவிட்டு அங்கேயே அமர்ந்தேன். முடக்குவாதச் சோர்வு எனக்குப் பழக்கம். அதில் மூட்டு முதலில் பேசும். இதில் மூட்டு வீங்கவே இல்லை, தொடையும் தோளும் முதுகும் அடித்துப் போட்டதுபோல வலித்தன.

காலையில் குமட்டல். கடுகு தாளிக்கும் வாசனையே போதும். வயிற்றில் இன்ன இடம் என்று சொல்ல முடியாத வலி. மதியச் சாப்பாடு அரை மணி தள்ளினால் கை நடுங்கி வியர்த்தது. ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டால் அடங்கியது. பஸ் நிறுத்தத்தில் நின்றால் கண் இருட்டியது. குனிந்து நிமிர்ந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது. வட்டிக் கணக்கில் நான் மனக்கணக்காகப் போடுவதை விரலால் எண்ணினேன்.

இத்தனைக்கும் ஒரே பதில் தயாராக இருந்தது: வெயில். கரூரில் சித்திரை மாதம் யாருக்குத்தான் மயக்கம் வராது? இளநீர், நீர்மோர், நன்னாரி எல்லாம் கொடுத்தார்கள். உப்பு போட்ட மோர் குடித்தால் உண்மையிலேயே கொஞ்சம் தெளிந்தது. அதனால் வெயில்தான் என்று மேலும் உறுதியாயிற்று. இதேபோல் கிளினிக்கில் பாட்டில் ஏற்றினால் அன்று மாலை நன்றாக இருக்கும், மறுநாள் பழைய நிலை. உப்புநீரும் குளுக்கோஸும் தற்காலிகமாகத் தூக்கிவிடும். பாட்டில் ஏற்றினால் ஒரு நாள் மட்டும் நன்றாக இருப்பது, அடிக்கடி பாட்டில் ஏற்ற வேண்டியிருப்பது, இரண்டுமே குறிப்புகள். மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

மருத்துவர்களிடம் போகாமல் இல்லை. வயிற்றுக்கு கேஸ் மாத்திரை கிடைத்தது. ஸ்கேன் சுத்தமாக இருந்தது. உணவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், லேசான புண் என்றார்கள். மாதவிலக்கு நிற்கும் வயது என்றார் ஒருவர். மனச்சோர்வு மாத்திரை எழுதினார் இன்னொருவர். ரத்தத்தில் சோடியம் 126 வந்தபோது, இயல்பு 135க்கு மேல் இருக்க வேண்டியது, உப்பு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். யாரையும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் நூறு காரணங்கள் உண்டு; தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் சொன்னது நியாயமே. எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" நானும் சரியாகத்தான் பதில் சொன்னேன். நிறுத்திய மாத்திரை அந்தப் பதிலில் எப்படி வரும்?

இன்னொன்றும் என் வழியை மறித்தது. சங்கத்தில் கணினி தெரிந்த பையன் ஒருவன் என் தொல்லைகளைத் தேடிப் பார்த்து, "அடிசன் நோய் என்று வருகிறது அக்கா" என்றான். 1855இல் லண்டனில் தாமஸ் அடிசன் விவரித்த நோய், சுரப்பியே கெட்டுப்போவது. அதில் தோலும் ஈறுகளும் உள்ளங்கை ரேகைகளும் கருக்கும். பொட்டாசியமும் ஏறக்கூடும். என் உள்ளங்கை வெளுத்துத்தான் இருந்தது, பொட்டாசியம் சரியாக இருந்தது. ஆகவே அது இல்லை என்று இருவரும் முடிவுகட்டினோம். பிறகு மருத்துவர் விளக்கினார்: அடிசன் நோயில் கட்டளை பலமாகக் கிளம்பியும் சுரப்பி கேட்பதில்லை, அந்த மிகையான கட்டளைதான் தோலைக் கருக்கச் செய்கிறது. ஸ்டீராய்டால் வருவதில் கட்டளையே கிளம்புவதில்லை, ஆகவே கருப்பதும் இல்லை. உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் வேறொரு கட்டளையில் ஓடுவதால் பொட்டாசியமும் தப்பிக்கிறது. கருக்கவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள்.

வைகாசியில் மாரியம்மன் திருவிழா. வீடு நிறைய விருந்தாளிகள். கோயில் கம்பம் ஆற்றுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு எனக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் காய்ச்சலும் வந்தன. அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு வயிறு கெட்ட வேறு இரண்டு பேர் மறுநாள் எழுந்து நடந்தார்கள். நான் விடியற்காலையில் உளறினேன் என்று கணவர் சொல்கிறார். உடம்பு முழுக்கச் சில்லிட்டிருந்ததாம். அவசரப் பிரிவில் அழுத்தம் 70க்கு 40, சர்க்கரை 52, சோடியம் 121.

பணியில் இருந்தது இளம் மருத்துவர். என் முன்கையில் இருந்த பழைய திட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றில் பழைய கோடுகளைப் பார்த்தார். அம்மாவிடம் கேட்டார்: "இவர்கள் சமீபத்தில் எந்த மாத்திரையை நிறுத்தினார்கள்?"

அம்மாவுக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. "வாதத்துக்குச் சாப்பிட்ட சின்ன மாத்திரை, கண்ணு. அதை விட்டதிலிருந்துதான் இளைத்துப்போனாள்" என்றார். அது போதுமாக இருந்தது. கார்டிசாலுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருக்கவில்லை, கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் உடனே நரம்பில் போட்டார்கள், உப்புநீர் பாட்டிலை வேகமாக ஓடவிட்டார்கள், சர்க்கரைக்கு டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் ஊசியைப் போட்டுவிட வேண்டும், பரிசோதனை அதற்காகக் காத்திருக்கலாம், ஊசி காத்திருக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றும் விதி. சந்தேகம் தவறாக இருந்தால் ஒரு ஊசியால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. மதியம் நான் ரசம் சாதம் கேட்டேன். வாரக்கணக்கில் நானாகக் கேட்ட முதல் சாப்பாடு அது. மாலையில் கார்டிசால் முடிவு வந்தது: 1.6.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பணமும் நேரமும் வீணாகின்றன. கார்டிசாலை காலை எட்டு மணியை ஒட்டி எடுத்தால்தான் அர்த்தம். மதியம் எடுத்தால் நலமான ஆளுக்கும் குறைவாக இருக்கும். (காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடக்கும்போது எந்த நேரமானாலும் அது ஏறியிருக்க வேண்டும், எனக்கு 1.6 இருந்தது வேறு கணக்கு.) எங்கள் ஊரில் பல ரத்தப் பரிசோதனை நிலையங்கள் சாவகாசமாகத் திறக்கும், எட்டு மணிக்கு எடுப்பார்களா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைய மாத்திரையைச் சாப்பிடாமல் போக வேண்டும். பிரட்னிசோலோனும் ஹைட்ரோகார்டிசோனும் பரிசோதனையில் கார்டிசாலாகவே எண்ணப்பட்டு முடிவைப் பொய்யாக உயர்த்திவிடும். முதல் நாள் எந்த வேளை மாத்திரையோடு நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். நாமாக இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. என் மருத்துவர் பின்பற்றும் கணக்கில், டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சுரப்பி விழித்துவிட்டது, 5க்குக் கீழ் என்றால் இன்னும் தூக்கம், நடுவில் என்றால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு சில வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடியும். தேவைப்பட்டால் கட்டளை ஹார்மோனை ஊசியாகப் போட்டு, சுரப்பி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு.

ஊர் திரும்பியதும் கேலிதான் காத்திருந்தது. "கடைசியில் மறுபடியும் அதே மாத்திரையா?" ஆமாம், அதே மாத்திரைதான். முதலில் ஹைட்ரோகார்டிசோன் எழுந்ததும் 10, மதியம் 5, மாலை 5 என்று உடம்பின் சொந்தத் தாளத்துக்கு ஒட்டிக் கொடுத்தார்கள். பிறகு கோயம்புத்தூரில் மூட்டுவாத நிபுணரும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் பேசிக்கொண்டு, காலையில் ஒரே வேளையாக பிரட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து கீழே இறங்குவது ஒவ்வொரு மில்லிகிராமாக, அதுவும் பல வாரங்களுக்கு ஒருமுறை. பெரிய அளவிலிருந்து இறங்கும்போது வேகமாக இறங்கலாம். 5க்குக் கீழேதான் பொறுமை வேண்டும். ஏனென்றால் சுரப்பி வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டம் அதுதான். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல்.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் உடம்பு முணுமுணுக்கும். அது பழைய நோயா, கார்டிசால் பற்றாக்குறையா, வெறும் விலகல் வலியா என்று பிரிப்பது எனக்கே ஒரு கலையாகிவிட்டது. மூட்டு வீங்கி, சூடாகி, காலை விறைப்பு நெடுநேரம் நீடித்தால் வாதம். ரத்தத்தில் அழற்சி அளவும் ஏறியிருக்கும். வீக்கமே இல்லாமல் உடம்பெல்லாம் வலித்து, சில நாட்களில் தானாக அடங்கினால், பழகிய மருந்து குறைந்ததற்கான முனகல். வலியோடு குமட்டல், எடைக் குறைவு, நின்றால் இருட்டு ஆகியவை சேர்ந்தால் தாமதிக்காமல் தொலைபேசி. அழுத்தத்தை உட்கார்ந்து மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் கற்றேன். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கவனிக்க வேண்டும். செவிலியரிடம் கேட்டால் சற்று விசித்திரமாகப் பார்ப்பார்கள், ஆனால் எடுப்பார்கள்.

நோய் நாட்களுக்கான விதிகள் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கின்றன. நலமான உடம்பு காய்ச்சல் வந்தால் கார்டிசாலைத் தானே கூட்டிக்கொள்ளும். என்னுடையதால் முடியாது, நான்தான் கூட்ட வேண்டும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் மாத்திரையைக் கூட்டுவேன், காய்ச்சல் விடும்வரை. பிறகு பழைய அளவு. எனக்குச் சொல்லியிருக்கும் அளவு நாளுக்கு 10 மில்லிகிராம் பிரட்னிசோலோன். மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தியில் போய்விட்டால் இன்னொன்று. அதுவும் போனால் ஊசி, உடனே மருத்துவமனை. காய்ச்சல் இல்லாத சளிக்கும், தணிக்கை நாள் பதற்றத்துக்கும், மாமியார் கோபத்துக்கும் கூட்டுவதில்லை. அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் சுரப்பிக்கு எழவே வாய்ப்பிருக்காது. பல் பிடுங்குவதற்கு முன்பும், எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்ல வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1952இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், முடக்குவாதத்துக்குக் கார்டிசோன் எடுத்துவந்த ஓர் இளைஞர் இடுப்பு மூட்டு அறுவைக்குப் பிறகு, எதற்கும் மீளாத அதிர்ச்சி நிலையில் இறந்ததைப் பதிவு செய்தார்கள். அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன. ஹெஞ்ச் போட்ட முதல் ஊசிக்கு நான்கே ஆண்டுகள் கழித்து.

இது வாதநோயாளிகளுக்கு மட்டுமான சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரக நோய், குடல் அழற்சி, கண் அழற்சி எதற்காகவும் ஸ்டீராய்டு நீண்டகாலம் கொடுக்கப்படலாம். அதிக அளவு உறிஞ்சு மருந்து (இன்ஹேலர்), உடம்பின் பெரும்பகுதியில் மாதக்கணக்கில் தடவிய வீரியமான களிம்பு, முழங்காலில் திரும்பத் திரும்பப் போட்ட ஊசி, இவையும் சுரப்பியைத் தூங்கவைக்கும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் 0.75 மில்லிகிராம் மாத்திரை பார்க்க அற்பமாக இருக்கும். அது பிரட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். பீட்டாமெத்தசோனும் கிட்டத்தட்ட அப்படியே. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் உடம்பில் ஸ்டீராய்டை வேகமாகச் சிதைத்துவிடும்; மாத்திரையை விடாமல் சாப்பிட்டும் பற்றாக்குறை வரலாம். காசநோய் மலிந்த நம் நாட்டில் இதை இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் சாப்பிடுகிறவர்களைப் பற்றித்தான். காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரை, மூட்டுவலிக்கு டப்பாவில் வரும் பெயரில்லாத பொடி, இழுப்புக்கு வெளியூரிலிருந்து வரவழைக்கும் லேகியம். இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே ஆண்டுக்கணக்கான வலி பறந்து, பசி எடுத்து, உற்சாகமும் வந்து, சில மாதங்களில் முகம் உருண்டால் சந்தேகப்படுங்கள். சந்தேகம் வந்ததும் குப்பையில் வீசிவிடாதீர்கள். அதுதான் ஆபத்தான செயல். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், அவர் முறையான மாத்திரைக்கு மாற்றி, பிறகு குறைப்பார். எங்கள் தெருவில் ஓர் அம்மா பேரனின் பேச்சைக் கேட்டு இப்படி ஒரு பொடியைத் திடீரென்று விட்டுவிட்டு, "கை கால் ஓயுது" என்று படுத்தபோது நான்தான் டப்பாவையும் அவரையும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றினேன்.

என் கைப்பையில் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை இருக்கிறது. என் பெயர், நோய், மாத்திரை, அளவு, கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும்: "ஸ்டீராய்டை நம்பியிருப்பவர். மயக்கம், வாந்தி, விபத்து என்றால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி உடனே தேவை." அவசரப் பிரிவில் கதையை முதலிலிருந்து சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் கணவருக்கும் மகளுக்கும் ஒரே வாக்கியம் மனப்பாடம்: "இவர் பல வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர், அட்ரீனல் வேலை செய்யவில்லை, முதலில் ஹைட்ரோகார்டிசோன் போடுங்கள்." வாந்தி, மயக்கம், வயிற்றுவலி எல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஊசி மருந்து பொடியாகக் குப்பியில் வரும். கூடவே கலக்கும் நீரும், சிரிஞ்சும் தனியாக வாங்கி ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். கணவர் எனக்குத் தொடையில் போடக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்த செவிலியர் முதலில் அவரை வெறும் நீரை ஆரஞ்சுப் பழத்தில் குத்தச் சொன்னார். சின்ன மெடிக்கல் கடைகளில் குப்பி எப்போதும் இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைப்பார்கள். காலாவதித் தேதியை டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது 3 மில்லிகிராமில் இருக்கிறேன். கடைசியாக எடுத்த காலைக் கார்டிசால் 7.8; நடுக் கணக்கு. மூட்டுகள் அமைதியாக இருக்கின்றன. முகம் கொஞ்சம் உருண்டுதான் இருக்கிறது. ஐப்பசியில் மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். எட்டு மணிக்குத் திறக்கும் நிலையத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.